மார்த்தாளைக் குளிப்பாட்டியது யார்?

அத்தியாயம் ஏழு

"ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கேட்டாலும் கிடையாது" என்று சொல்லிவிட்டு ஷெரிஃப் கிரேடி மேசைமேல் ஒரு காகிதப் பையை வைத்தார். இந்தச் சனியனுக்கு ஏன் சம்மதித்தோம் என்கிற எரிச்சல் அவர் வைத்த விதத்திலேயே தெரிந்தது.

அவர் சனியன் என்று நினைத்தது ஆர்டிஸ் ப்ரூயிட்டை. ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தவள், இப்போது தனியார் துப்பறிவாளர். குரலை உயர்த்த மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். அந்த இரண்டையும் அவளுக்கும் சேர்த்துச் செய்வதற்குத்தான் உதவியாளன் ராய்ஸ் பெக்கம் இருந்தான். முன்னாள் பழைய கார் வியாபாரி. எமனே எதிரில் வந்தாலும் எருமைக்கு என்ன மைலேஜ் என்று கேட்கிற ரகம்.

ஆனால் சனிக்கிழமையிலிருந்து ராய்ஸின் வாய்க்குச் சோர்வு வந்திருந்தது. ஷெரிஃபின் லாக்கப்பில் இருப்பது அவனுடைய சொந்த அக்கா நெல்டா.

"மூணு மணிக்கு அரசாங்க வக்கீல் கொலைக் குத்தம் பதிவு பண்றாரு" என்றார் கிரேடி. "இந்த மாநிலத்துல அதுக்கு என்ன தண்டனைன்னு உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. இப்ப மணி ஒண்ணு."

சிடார் லிக் பழைய ரிவால்வர் கழகத்தின் கூடம். தகரக் கூரை, சுவரில் மான் தலைகள், நடுவில் நீளமான பைன் மேசை. வெளியே ஜூலை மாதத்து ஓசார்க் மலைப் புழுக்கம், சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். மேசைக்கு அந்தப் பக்கம் கழகத்தின் மூன்று உறுப்பினர்கள் வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

"பொம்பள துப்பறியிறாளாம். கூட எடுபிடி வேற. அதுவும் கொலைகாரியோட தம்பி" என்றார் பக் லாண்ட்ரம். மாட்டுத் தீவனக் கடைக்காரர், மாட்டுக்குப் போட்டது போக மீதியைத் தானே சாப்பிட்டிருப்பாரோ என்று தோன்றும் உடம்பு. "இது என்ன கூத்து, ஷெரிஃப்?"

"எடுபிடி இல்லீங்க, உதவியாளர்" என்றான் ராய்ஸ். "எடுபிடின்னா ஞாயித்துக்கிழமை லீவு கிடைக்கும்."

"வாய மூடுறா."

"அவங்களும் அதத்தான் தினமும் சொல்றாங்க. கேட்டாத்தானே."

பக்குக்கு அடுத்து டாக்டர் எம்மெட் ஸ்ட்ரௌட், ஓய்வுபெற்ற பல் டாக்டர், ஒல்லி, கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. மூன்றாவது ஆள் கார்ல் வெய்மன், துப்பாக்கி ரிப்பேர்காரர். இந்த மாவட்டத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ரிவால்வர் எது பழுதானாலும் அவருடைய கடைக்குத்தான் போகும். அதிகம் பேசாதவர், அதிகம் சிரிக்காதவர். வெள்ளைப் பருத்திக் கையுறை இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் தொடாதவர், பிறரைத் தொட விடாதவர்.

சனிக்கிழமை நடந்தது இதுதான். மாதாந்தரப் போட்டி தொடங்கும் முன்பே, பதினொரு மணிக்கு, இடியோடு மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. முக்கால் மணி நேரம் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கியிருந்தார்கள். மழை விட்டதும் பார்த்தால், கழகத் தலைவர் ஹாரிஸ் கேடல் தோட்டா நிரப்பும் கொட்டகையில் மார்பில் குண்டு பாய்ந்து கிடந்தார். அவரைக் கொன்ற ரிவால்வர், கழகத்துச் சமையல்காரி நெல்டாவின் துணிப்பையில், சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலைதான் ஹாரிஸ் அவளை எல்லார் முன்னிலையிலும் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். துப்பாக்கி துடைக்கிற துணியில் கெளுத்தி மீன் பொரித்த சட்டியைத் துடைத்துவிட்டாளாம், அதுதான் குற்றம். நெல்டாவும் சும்மா இல்லை. "நீ செத்தா உன் சாவுக்கு நானே சோறாக்கிப் போடுறேன், அதுவும் சிரிச்சுக்கிட்டே" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லியிருந்தாள். அந்த ஒரு வரி ஷெரிஃபின் நோட்டில் அடிக்கோடிட்டு இருந்தது.

ஆர்டிஸ் பைக்குள் கையை விட்டாள்.

"கையுறை" என்றார் கார்ல். "கையுறை போட்டுக்கிட்டுத் தொடுங்க. மூஞ்சிய இவ்வளவு கிட்ட கொண்டுபோகாதீங்க, மூச்சு படுது."

"நான் மூச்சு விடணுமே, மிஸ்டர் வெய்மன்."

"தள்ளி நின்னு விடுங்க."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு அதை வெளியே எடுத்தாள். நிக்கல் பூசிய உடம்பு, தந்தப் பிடி. நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய இரட்டைச் செயல் ரிவால்வர். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டிய வேலை இல்லை. விசையை இழுத்தாலே உருளை சுழன்று, சுத்தியல் தானாக எழும்பி விழும். ஹாரிஸிடம் இது ஜோடியாக இருந்தது, ஒரே நாளில் செய்யப்பட்டு அடுத்தடுத்த எண் பொறித்த ஜோடி. பைபிள் வகுப்பு எடுக்கிற மனிதர், ஆகவே பைபிளில் வரும் அக்கா தங்கையின் பெயரை எடுத்து, ஒன்றுக்கு மார்த்தாள், இன்னொன்றுக்கு மரியாள் என்று வைத்திருந்தார். மார்த்தாள் வேலைக்காரி, மாதாமாதம் போட்டியில் சுடுவாள். மரியாள் சும்மா உட்கார்ந்திருப்பவள், அதோ சுவரோரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள்.

"ஷெரிஃப், இத உங்க ஆளுங்க யாராவது சுத்தம் பண்ணாங்களா?"

"ஆதாரத்தச் சுத்தம் பண்ண நாங்க என்ன சலூனா வச்சிருக்கோம்? எடுத்தது எடுத்தபடி இருக்கு. ஆறு அறையில ஒண்ணுல சுட்ட காலி உறை. போதுமா?"

ஆர்டிஸ் அந்தக் காலி உறையை உருவி மேசைமேல் நிற்க வைத்தாள். வாயெல்லாம் கரி. பிறகு கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைத் துணித் துண்டைக் குச்சியில் சுற்றி, மார்த்தாளின் குழலுக்குள் விட்டு இழுத்தாள். துணி போனபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. காலி உறை இருந்த அறைக்குள்ளும் விட்டாள். வெள்ளைதான், கொஞ்சம் எண்ணெய் மினுமினுப்பு.

"சுட்ட தோட்டா கரிக்கட்டையா இருக்கு. அது வெடிச்ச அறை பளிங்கா இருக்கு" என்றாள். "ராய்ஸ், இதுக்கு என்ன அர்த்தம்?"

"பிள்ள பெத்தவ ஒருத்தி, மசக்கை இன்னொருத்திக்குன்னு அர்த்தம், மேடம்."

"அர்த்தம் என்னன்னா, சுட்ட பிறகு யாரோ உறைய வெளிய எடுத்துட்டு, துப்பாக்கியக் கழுவி, துடைச்சு, எண்ணெய் போட்டு, உறைய மறுபடி உள்ள வச்சிருக்காங்க."

பக் மெல்லும் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். ஷெரிஃப் மட்டும் சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை அது.

"ரொம்ப நன்றி மேடம். என் கேஸுக்கு நீங்களே ஆணி அடிச்சுட்டீங்க. இந்த மாதிரி துப்பாக்கிய எதால கழுவுவாங்க? கொதிக்கிற வெந்நீரால. சனிக்கிழமை இங்க யார்கிட்ட வெந்நீர் இருந்தது? சமையல்காரிகிட்ட. ஒம்பது வருஷமா இவங்க கழுவறதப் பக்கத்துல நின்னு பாத்தவ அவ. அது மட்டுமில்ல, கெட்டில்ல வெந்நீர் காணாமப் போச்சுன்னு அவளே லாக்கப்ல உக்காந்து பொலம்பினா."

அந்தப் புலம்பலை ராய்ஸும் கேட்டிருந்தான். "நான் அந்தப் பக்கம் போன நேரத்துல டீக்கு வச்ச தண்ணிய எவனோ களவாண்டுட்டான்டா. பாத்திரம் கழுவுற தொட்டி முழுக்க அழுகின முட்டை நாத்தம். இப்படியும் ஒரு கூட்டம் இருக்குமா?" என்று கொலைப் பழியை மறந்து கெட்டிலுக்காக ஆத்திரப்பட்டாள் நெல்டா. அவன் அதைச் சிரிப்பு மூட்டுகிற செய்தியாக ஆர்டிஸிடம் சொன்னான். அதிலிருந்துதான் ஆர்டிஸ் கழுவல் வரைக்கும் வந்தாள். பழைய ரிவால்வர்களுக்குப் போடும் கந்தக வெடிமருந்தான கருமருந்தின் கரியில் வெந்நீர் பட்டால் வருகிற நாற்றம் அது. இப்போது அதே கெட்டில் அக்காவின் கழுத்துக்கே கயிறாக வந்து நிற்கிறது.

"சரி, அவதான் கழுவினான்னே வச்சுக்குவோம்" என்றாள் ஆர்டிஸ், சற்றும் அசராமல். "எதுக்குக் கழுவுறா?"

"தடயத்த அழிக்க."

"அழிச்சவ, காலி உறைய மறுபடி உள்ள எதுக்கு வைக்கிறா? வச்சதத் தன் பையிலயே எதுக்குத் தொங்கவிடுறா? வெளியில இருக்குற ஆத்துல வீசியிருந்தா கதை முடிஞ்சுதே."

ஷெரிஃப் தாடையைத் தடவினார்.

"கழுவினவன் தடயத்துக்காகக் கழுவல. மனசு கேக்காமக் கழுவியிருக்கான். கருமருந்துக் கரிய அப்படியே விட்டா, இந்தப் புழுக்கத்துல ஈரத்தக் குடிச்சு, மறுநாளே இரும்பத் தின்ன ஆரம்பிச்சிடும். ஆதாரம்னு எடுத்துட்டுப் போனா உங்க அலமாரியில ரெண்டு வருஷம் கிடக்கும். வெளிய வரும்போது மார்த்தாள் துருமூட்டையா வருவா. அது அவனுக்குத் தெரியும். ஒரு ஆளக் கொன்னான். ஒரு பொம்பள தலையில பழியப் போட்டான். இதெல்லாம் அவனால முடிஞ்சுது. அழுக்குத் துப்பாக்கிய மட்டும் அவனால விட்டுட்டுப் போக முடியல. உக்காந்து குளிப்பாட்டியிருக்கான்."

அவள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். "உங்கள்ல ஒருத்தர்."

"ஏய்!" பக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எங்க வீட்டுக்குள்ள வந்து எங்களையே கொலைகாரன்னு சொல்றியா? அந்த நெல்டா வாயாடின்னு ஊருக்கே தெரியும். செஞ்சிருப்பா. சந்தேகமே இல்ல."

"எனக்கும் அப்படித்தான் படுது" என்றார் டாக்டர் ஸ்ட்ரௌட் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றியபடி. "முன்கோபக்காரி."

கார்லும் ஆமாம் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒன்பது வருடம் இந்த மூன்று பேருக்கும் சோளரொட்டியும் அவரையும் மீனும் பொரித்துப் போட்டவள். அவளுக்காக ஒரு வார்த்தை பேச யாருக்கும் வாய் வரவில்லை. ராய்ஸ் கையை மேசைக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டான், இல்லாவிட்டால் அது பக்கின் மூக்குக்குப் போயிருக்கும்.

"ஷெரிஃப், கண்ணாடிப் பெட்டிச் சாவி ஹாரிஸோட கொத்துல இருக்கா?" என்று கேட்டாள் ஆர்டிஸ். "மரியாள் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"சுடப் போறேன்."

டாக்டருக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூக்கிப்போட்டது. "அது கண்ணாடிக்குள்ளயே இருக்கட்டும்! ஹாரிஸே அத ஒரு தடவைகூடச் சுட்டதில்ல. இந்த சனிக்கிழமைதான் ரெண்டையும் ஜோடியாச் சுடப்போறேன்னு சொல்லிட்டு இருந்தார். அதுக்கே எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல."

ஷெரிஃபுக்கு இவர்கள் மூன்று பேரையும் கொஞ்சம் வாட்டிப் பார்க்க ஆசை வந்ததோ என்னவோ, சாவியை எடுத்துப் போட்டார். ஆர்டிஸ் பெட்டியைத் திறக்கப் போகிற வழியில் ராய்ஸின் காதருகே நின்றாள்.

"யார் கை முதல்ல நீளுதுன்னு பாரு."

பின்பக்க ஜன்னலுக்கு வெளியே மண்கரையில் இலக்குப் பலகைகள் இருந்தன. ஆர்டிஸ், ஹாரிஸின் பெட்டியிலிருந்து கருமருந்துத் தோட்டாக்களை எடுத்து ஐந்து அறைகளில் போட்டாள். இந்தக் கழகத்து வழக்கப்படி ஆறாவது அறையை சுத்தியலுக்கு அடியில் காலியாக விட்டாள். ஐந்து வெடி. கூடம் முழுக்க வெள்ளைப் புகை, அழுகின முட்டை நாற்றம். மரியாளின் முகமெல்லாம் கரி அப்பிக்கொண்டது.

அதைக் கொண்டுவந்து, துணிகூட விரிக்காமல் வெறும் மேசைமேல், வேர்த்து வடிகிற ஐஸ் டீ ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"யாரும் தொடக் கூடாது. ஷெரிஃப் இதையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போவாரு. இப்ப கொஞ்சம் பேசலாம். மிஸ்டர் லாண்ட்ரம், உங்க வீட்டுச் சோளரொட்டியில சர்க்கரை போடுவீங்களா, மாட்டீங்களா?"

"என்னது?"

"எங்கம்மா போட மாட்டாங்க. போடுறவங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொல்லுவாங்க. டாக்டர், நீங்க?"

இப்படியே சோளரொட்டி போயிற்று. பிறகு கெளுத்தி மீனை மோரில் ஊறவைப்பதா, பாலில் ஊறவைப்பதா என்று போயிற்று. ஆர்டிஸ் இதுவரை இவ்வளவு பேசி ராய்ஸ் கேட்டதில்லை. டீ ஜாடியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து மேசையில் ஓடி, மரியாளின் குழலுக்கு அரை விரல் தூரத்தில் நின்றது. சுவர்க் கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியது.

"கழுவுங்கய்யா அத!" என்று பக் மேசையில் குத்தினார். "பெத்த தாயப் போட்டு மிதிக்கிறதப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியுமா?"

"கெஞ்சிக் கேக்கறேன்மா" என்றார் டாக்டர். கண்ணில் உண்மையாகவே நீர். "நான் சுட்டேன்னு வேணா எழுதிக்குங்க. முதல்ல அதத் துடைக்க விடுங்க."

இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் மேசைக்கு மேலே நீண்டன. ஆர்டிஸ் இரண்டையும் தட்டிவிட்டாள்.

ஷெரிஃப் கொட்டாவி விட்டார். "ரெண்டு கை நீண்டுச்சு. அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே விசைய இழுத்தாங்களா? ஹாரிஸுக்கு ஒரே ஓட்டைதான மேடம் இருந்தது?"

ஆர்டிஸ் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சொல் அகப்படவில்லை என்பது ராய்ஸுக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் வந்தது. இத்தனை நேரமும் அவன் அவளை நம்பித்தான் கிண்டல் அடித்துக்கொண்டிருந்தான். இனி மூன்று மணி. இனி வக்கீல். எண்ணெய் தெறித்துத் தெறித்துத் தழும்பேறிய நெல்டாவின் கைகளை விலங்கோடு நினைத்துப் பார்த்தான்.

யாரையும் பார்க்கப் பிடிக்காமல் மேசையைப் பார்த்தான். அப்போதுதான் அந்த டம்ளர் கண்ணில் பட்டது.

கார்ல் வெய்மன் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். பிறகு அந்த ஈர டம்ளரை, அடியில் நீர் வளையம் போட, மரியாளின் தந்தப் பிடிக்குச் சுண்டுவிரல் அகலத்தில் வைத்தார்.

கார் விற்ற நாட்களில் ராய்ஸ் ஒன்று கற்றிருந்தான். வண்டி வாங்க வருகிறவன் டயரை உதைப்பான், கதவை அறைவான், மைல் மீட்டரில் மூக்கைத் தேய்ப்பான். மீட்டரைத் திரும்பியே பார்க்காத ஆள் ஒருவன்தான், அதைப் பின்னுக்குச் சுற்றி வைத்த மெக்கானிக்.

"மிஸ்டர் வெய்மன்" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலயா?"

"என்ன பண்ணணும்? ஷெரிஃப் அனுமதியோட நடக்குது. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்."

"மூச்சு படுதுன்னு எங்க மேடத்தத் தள்ளி நிக்கச் சொன்னீங்க. இப்ப உங்க டம்ளர் எங்க இருக்கு பாருங்க."

கார்ல் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் சட்டென்று டம்ளரை இழுத்ததில் டீ தளும்பி மேசையெல்லாம் ஓடியது.

"கார்ல்?" டாக்டரின் குரலில் நம்ப முடியாமை. "நீயா அங்க வச்ச? போன மாசம் நான் வெறுங்கையால தொட்டேன்னு என்னை வெளிய போகச் சொன்னவன் நீ."

"கவனிக்கல."

"கவனிச்சீங்க" என்றான் ராய்ஸ். "கழுவினவனுக்கு அழுக்குத் துப்பாக்கியப் பாத்தா உயிரே போயிடும், அது மேடம் கண்டுபிடிச்சது. இவங்க ரெண்டு பேரும் துடிக்கிறாங்க. நீங்க ஐஸ் கடிக்கிறீங்க. துப்பாக்கி மேல உங்களுக்குப் பாசம் இல்லன்னு உங்க எதிரிகூடச் சொல்ல மாட்டான். அப்ப ஒரே ஒரு காரணம்தான் இருக்கு. இது மரியாளே இல்ல. அது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"உளர்றான்" என்றார் கார்ல்.

ஆர்டிஸ் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள். ராய்ஸை ஒரு கணம் பார்த்தாள். அவளிடம் இருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

"டாக்டர் ஸ்ட்ரௌட், நீங்க போய்க் கழுவுங்க. ஷெரிஃப், நீங்க கூடப் போங்க. மிஸ்டர் வெய்மன் இங்கயே இருப்பாரு."

பல் டாக்டர் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். தண்ணீர் கொதிக்கிற சத்தம், ஊற்றுகிற சத்தம், அந்த நாற்றம். பக் கார்லையே முறைத்துக்கொண்டிருந்தார். கார்ல் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேர்செய்துகொண்டிருந்தார். பத்து நிமிடம் இப்படியே போனது, ராய்ஸுக்கு அது பத்து நாள்.

பிறகு உள்ளேயிருந்து அலறல்.

டாக்டர் நீர் சொட்டச் சொட்டத் துப்பாக்கியோடு வந்தார். பிடியைக் கழற்றியிருந்தார். "குழி! பிடிக்கு அடியில பூரா துருக்குழி! பழைய துருவ மூடி மேல புது நிக்கல் பூசியிருக்கான். நம்பரக்கூட அழிச்சுட்டுப் புதுசா அடிச்சிருக்கு. எங்க மரியாளுக்கு உடம்புல ஒரு தழும்பு கிடையாது, ஷெரிஃப்! இது ஏதோ வண்டிக்காரன் பெட்டியில கிடந்த சவம். அதுக்கு மேக்கப் போட்டு உக்கார வச்சிருக்கான்!"

பக் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். "ஜனவரியில ஸ்பிரிங் போச்சுன்னு மரியாளக் கொண்டுபோனது நீதானடா? மூணு வாரம் வச்சிருந்த. நான்தான் வண்டியில கொண்டுவந்து விட்டேன்!"

"ஹாரிஸ் அதுக்கப்புறம் அவள வெளிய எடுக்கவே இல்ல" என்றாள் ஆர்டிஸ். "சனிக்கிழமை ஜோடியாச் சுடலாம்னு கையில எடுத்ததும் எடை சொல்லியிருக்கும், விசை சொல்லியிருக்கும். உங்களக் கொட்டகைக்குக் கூப்பிட்டாரு. மார்த்தாள் பக்கத்துல தோட்டா போட்டு ரெடியா இருந்தா. வெளிய இடி. அப்புறம் பொய் மரியாள அவர் சாவியாலயே திருப்பி வச்சுப் பூட்டினீங்க. ஏன் மிஸ்டர் வெய்மன்? விக்கவா?"

"விக்கவா?" கார்லுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கொலைகாரன் என்றதற்கு வராத கோபம். "யாரப் பாத்து என்ன கேக்குற? அந்த ஆளு ஒரு கசாப்புக்காரன். நூத்தி நாப்பது வருஷம் பொழச்சு வந்தத மாசாமாசம் வெடிச்சு, வெடிச்சு, மார்த்தாளோட உள்ளுறுப்பு பூரா தேஞ்சு போச்சு. எத்தனை தடவை நான் தச்சு அனுப்பினேன்! சுடறதுக்குத்தான் செஞ்சாங்க, சுடத்தான் செய்வேன்னு சிரிச்சான். மரியாள நான் திருடல. அவன்கிட்ட இருந்து காப்பாத்தினேன். கழகத்த விட்டே துரத்துறேன், ஊர் பூரா சொல்றேன்னான். என் கையால இனி ஒரு துப்பாக்கியும் தொட முடியாதுன்னான்."

ஷெரிஃப் விலங்கை எடுத்தார். "மரியாள் எங்க?"

கார்ல் முகத்தைத் திருப்பி, சுவரில் இருந்த மான் தலையைப் பார்த்தார்.

"சரி. நாலு பசங்கள அனுப்பி உன் கடையத் தலைகீழாக் கவுத்துடுறேன்."

"வேணாம்" என்றார் கார்ல் உடனே. "கவுக்க வேணாம். கடைசல் மெஷினுக்குப் பின்னால பலகையத் தூக்கினா இருக்கா. கம்பளித் துணியில சுத்தியிருக்கேன். கையுறை போட்டுக்கிட்டு எடுக்கச் சொல்லுங்க."

"எங்கக்கா பையில எதுக்குய்யா போட்ட?" ராய்ஸ் கேட்டான். "அவ உனக்கு என்ன பண்ணா?"

கார்ல் அவனைப் பார்த்தார். பகை இல்லை, வருத்தமும் இல்லை. கேள்வியே புரியாத முகம்.

"அந்தப் பை பக்கத்துல தொங்கிச்சு."

ராய்ஸ் மேசையைத் தாண்டிவிட்டான். ஆர்டிஸ் பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்திருக்காவிட்டால், ஷெரிஃப் அன்று இன்னொரு கேஸும் எழுதியிருப்பார்.

இரண்டு ஐம்பதுக்கு நெல்டா லாக்கப்பின் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தாள். ஷூ லேஸ்கள் இரண்டும் கையில். உள்ளே போகும்போது உருவி வாங்கியதைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். காரில் ஏறி உட்கார்ந்தாள். அழவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

"யாரு?"

"கார்ல் வெய்மன்."

"அந்தாளா? அவருக்கு ரொட்டியோட கருகின ஓரம்தான் பிடிக்கும்னு தனியா எடுத்து வைப்பேனே." கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "மத்தவங்க எல்லாம் இருந்தாங்களா? பக்கு, டாக்டரு?"

"இருந்தாங்க."

"நான் செஞ்சிருக்க மாட்டேன்னு யாராவது சொன்னாங்களாடா?"

ராய்ஸிடம் பொய்க்குப் பஞ்சமில்லை. இன்ஜின் இல்லாத வண்டியைக் காட்டி சத்தமே வராது என்று விற்றவன். பக் சொன்னார், டாக்டர் அழுதார் என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை.

"துப்பாக்கி துருப்பிடிச்சிடும்னு ரெண்டு பேரு எழுந்திரிச்சாங்க, நெல்டா."

"எனக்கு?"

"யாரும் எழுந்திரிக்கல."

நெல்டா தலையை ஆட்டினாள். பிறகு குனிந்து ஷூவுக்கு லேஸ் கோக்க ஆரம்பித்தாள். இடது கால் முடித்து, வலது காலும் முடித்து, முடிச்சுப் போட்டு இறுக்கிய பிறகும் அவள் நிமிரவில்லை. ராய்ஸ் சாவியைத் திருகாமல் காத்திருந்தான்.